நிழலை விட்டுச் சென்ற பெரியார்: அத்தியட்சர் அசரியா சரித்திரம்

மக்கட்கு இயல்பாக அமைந்த ஆசைகளுள் பழகிய இடத்தை விட்டு நீங்காதிருக்கும் ஆசையும் ஒன்று. பிறந்த ஊர், பேசும் மொழி, உண்ணும் உணவு, உறவினர் கூட்டம், நம் சொல்லைக் கேட்கும் நாலு பேர் ஆகிய இவையெல்லாம் வழிநடந்து களைத்தவனுக்கு மரநிழல் போல்வன. நிழலில் அமர்தல் குற்றமன்று. நிழலையே உலகமெனக் கருதி, வெயிலில் வாடுவோர் உளர் என்பதை மறந்திருத்தலே குற்றமாம். சமயப் பற்றுடையாரும் இக்குற்றத்தினின்று தப்பினாரல்லர். ஆலயத்திற்குச் செல்வதும், மறை ஓதுவதும், நோன்பு காப்பதும் நாளடைவில் வெறும் பழக்கமாகிவிடின், அப்பழக்கமே ஒரு நிழலாய் அமைந்து, நம்மை எழவொட்டாது செய்துவிடுகின்றது. அந்நிழலை உதறி, தம் கடவுள் காட்டிய வழியே வெயிலில் நடந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் நாடார் குலத்திற் பிறந்த அத்தியட்சர் வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்கள். இவர் சரித்திரத்தை இம்மாதம் நம் சங்கத்து அன்பர்கட்கு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

நம் சங்கத்தாருள் இந்து சமயத்தாரும் கிறிஸ்து சமயத்தாரும் உளர். கிறிஸ்தவப் பெரியார் ஒருவர் வரலாறு நமக்கெதற்கென்று எவரும் எண்ணவேண்டுவதில்லை. உண்மைத் துறவும் உண்மை அன்பும் எச்சமயத்தில் தோன்றினும் எல்லார்க்கும் பாடமாம். அன்றியும் இவரை நம்மவர் என்று சொல்லிப் பெருமை கொள்வார் நம்முள் பலர். அப்பெருமை கொள்ளும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டு என்பதையும் இதன் முடிவில் ஆராய்வோம்.

திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்கே, செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த நிலப்பகுதியில் வெள்ளாளன்விளை என்பது ஓர் ஊர். இவ்வூரில் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் என்பார் இந்துக் குடும்பத்திற் பிறந்து, இளமையிற் கிறிஸ்து சமயம் தழுவி, பின்னர் ஆங்கிலிக்கத் திருச்சபையிற் குருவானவராய் விளங்கியவர். தாயார் பெயர் எல்லன் அம்மையார். நெடுநாள் வேண்டிப் பெற்ற மகனாதலின், விவிலியத்தில் அவ்வாறே வேண்டிப் பெறப்பட்ட சாமுவேல் என்பாரின் பெயரை இவர்க்கு இட்டனர். தந்தையார் இவரது இளமையிலேயே காலமாயினார். அதன்பின் இவரை வளர்த்து ஆளாக்கியவர் அன்னையாரே. கண்டிப்பும் பக்தியும் ஒருங்கே அமைந்த அத்தாயின் வளர்ப்பே இவரது பிற்கால ஒழுங்கிற்கெல்லாம் அடிப்படையாயிற்று.

அக்காலத்தில் நம் குலத்தார் பட்ட சிறுமைகளை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பெருங்கோயில்களில் நுழையத் தடை. நம் பெண்டிர் மேலாடை அணியவும் போராட வேண்டிய நிலை. பனையேறிப் பிழைக்கும் எளியவர்க்கு ஊராரிடம் மதிப்பின்மை. கல்வியும் வாணிகமும் சமயத் தொண்டும் அச்சிறுமையை மெல்ல நீக்கி வந்த காலம் அது. அசரியா பிறந்த வீடு அம்முன்னேற்றத்தின் பயனை நன்கு பெற்ற வீடு. தாழ்த்தப்பட்ட நினைவும், உயர்ந்துவரும் ஊக்கமும் அவ்வீட்டில் ஒருங்கே இருந்தன என்க. பின்னர் இவர் செய்ததை உணர்வதற்கு இவ்விரண்டையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

திருநெல்வேலியிற் கற்றபின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்து பயின்றார். ஆயினும் பட்டம் பெறாமலே வெளிவந்தார். பட்டமின்மை இவரைத் தளரச் செய்யவில்லை. 1895இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளருள் ஒருவராய் அமர்ந்து, தென்னாடு முழுதும் சுற்றி, இளைஞர்களுக்கு நன்னெறி புகட்டினார். 1898இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். அவ்வம்மையார் பெண்கல்வி அருகியிருந்த அந்நாளிலேயே கல்லூரிக் கல்வி பெற்றவர். கணவர் மேற்கொண்ட பெருமுயற்சிகள் அனைத்திலும் துணையாய் நின்றவர். அமெரிக்க நாட்டினராகிய ஷெர்வுட் எடி என்பார் இவர்க்கு உற்ற நண்பரானதும் இக்காலத்திலேதான். வெள்ளையரும் இந்தியரும் ஒத்த நிலையில் நட்புக்கொள்ளுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், இவ்விருவரும் உடன்பிறந்தாரைப் போலப் பழகினர். இந்நட்பை வாசகர் மறவாதிருக்க வேண்டுகின்றோம். பின்னர் இதன் பயன் தெரியவரும்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். ஆங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் பொருளைக் கொண்டே தம் கடலுக்கு அப்பாலும் ஊழியரை அனுப்பி வைத்திருத்தலைக் கண்டார். கண்டதும் அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. திருநெல்வேலித் திருச்சபை நூறாண்டு கடந்த பழைய சபை. ஆயிரக்கணக்கான குடும்பங்களை உடையது. பள்ளிகளும் ஆலயங்களும் நிறைந்தது. அச்சபை இன்றும் வெளிநாட்டார் உதவியைப் பெறுவதிலேயே மகிழ்ந்திருக்கின்றதே, தான் பிறர்க்கு என்ன கொடுத்தது? இவ்வினாவே அவரை உறங்கவொட்டாது வருத்திற்று.

ஊர் திரும்பியதும் நண்பரையும் பெரியோரையும் கூட்டி ஆராய்ந்தார். அதன் பயனாக 1903ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. பொருளும் இந்தியருடையது, ஊழியரும் இந்தியர், ஆட்சியும் இந்தியரிடமே, வெளிநாட்டார் பணம் ஒரு காசும் வேண்டா என்பதே அச்சங்கத்தின் கொள்கை. உழவரும் பனைத்தொழிலாளரும் சிறு வணிகரும் கொடுத்த காணிக்கையே அதன் மூலதனம். பெறுவதிற் பழகிய கைகள் கொடுப்பதிற் பழகத் தொடங்கின. இதுவே அசரியா தம் மக்களை நிழலினின்று எழுப்பிய முதற்செயலாம். 1905ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று, வங்காளத்துச் சேராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டபோது, அதன் நிறுவனருள்ளும் இவர் முதன்மையானவராய் விளங்கினார்.

திருநெல்வேலிச் சங்கத்தார் தம் ஊழியத்திற்குத் தேர்ந்தெடுத்த இடம் ஐதராபாத்து நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் என்னும் பகுதி. அஃது இக்காலத்துத் தெலங்கானா மாநிலத்தில் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது. திருநெல்வேலிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு, மொழி தெலுங்கு, அரசு வேறு, வழக்கங்கள் வேறு. 1904 முதல் சங்கத்தின் ஊழியர் அங்குச் சென்று தொண்டாற்றி வந்தனர். அவரை அனுப்பிவைத்து, ஊர்தோறும் சென்று அவர்க்காகப் பொருள் திரட்டி, இளைஞரைப் பார்த்து நீவிரும் செல்லுமின் என்று தூண்டியவர் அசரியா.

இவ்விடத்திலேதான் இவர் வாழ்வின் திருப்பம் நேர்ந்தது. பிறரைப் போகச் சொல்லும் நாம் ஏன் போகவில்லை என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். போகாதிருப்பதற்குத் தக்க காரணங்கள் பல இருந்தன. வாலிபர் சங்கத்தில் மதிப்புள்ள பதவி; இந்தியா முழுதும் அறிந்த பெயர்; 1907இல் ஜப்பான் வரை சென்று உலக மாணவர் மாநாட்டிற் கலந்துகொண்ட சிறப்பு; மனைவியும் மக்களும். ஒரு மூலையிற் சென்று அடங்குவதைவிட, இருந்த இடத்திலிருந்தே அதிகத் தொண்டு செய்யலாம் என்று சொல்வார்க்கும் குறைவில்லை. இத்தகைய காரணம் நம் எல்லாரிடமும் உண்டு. அவற்றுள் பொய் ஒன்றுமில்லை. ஆயினும் அவை கடமையை மறைக்கும் திரையாய் நிற்றலும் உண்டு. அசரியா அத்திரையை விலக்கினார். 1909இல் பதவியைத் துறந்து, குருப்பட்டம் ஏற்று, குடும்பத்தோடு தோர்ணக்கல் சென்றார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பத்தைந்து. அவ்வயதில் தெலுங்கு மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்கினார். மேடையேறித் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆயிரவரை வயப்படுத்திய நாவினர், சிறு பிள்ளையைப் போல ஒவ்வொரு சொல்லாய்த் தட்டுத்தடுமாறிப் பேசவேண்டியவரானார். கற்றவனுக்கு இதனினும் பெரிய துறவு வேறு யாது?

இங்கு எம்மைப் பற்றிய ஒன்றைச் சொல்லாதிருத்தல் இயலவில்லை. ஆசிரியத் தொழிலில் அமர்ந்த சில ஆண்டுகளில், மலையடிவாரத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றிற்கு எம்மை மாற்றினர். அங்குத் தமிழாசிரியர் இல்லாமல் பிள்ளைகள் இரண்டாண்டு வருந்தியிருந்தனர். யாமோ தாயின் மூப்பைக் காரணங்காட்டி, அறிந்தவரைக் கொண்டு சொல்லச் செய்து, அம்மாற்றத்தைத் தவிர்த்துக்கொண்டோம். தாயின் மூப்பு உண்மையே. ஆயினும் அதனினும் உண்மை, யாம் எம் வீட்டுத் திண்ணையை விட மனமின்றி இருந்தமை. அசரியாவின் சரித்திரத்தைப் படிக்குந்தோறும் முகமறியாத அப்பிள்ளைகள் எம் கண்முன் வந்து நிற்கின்றனர்.

நிற்க. 1910இல் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள் குழுமிய அப்பேரவையில் ஆசிய நாட்டார் இருபதின்மர் அளவே இருந்தனர். அவருள் அசரியாவும் ஒருவர். அவையோர் எதிர்பார்த்தது நன்றியுரையே. நன்றி கூறிப் பாராட்டுப் பெற்று அமர்தல் மிக எளிது. அசரியா அவ்வெளிய வழியைக் கொள்ளவில்லை. ஐரோப்பிய ஊழியர் இந்தியாவுக்குச் செய்த தியாகங்களையெல்லாம் மனமாரப் போற்றியபின், அவர்க்கும் இந்தியர்க்கும் நடுவே நிற்கும் சுவரை வெளிப்படையாய் எடுத்துக் காட்டினார். ஒன்றாய் ஊழியஞ் செய்தும் ஓரிலையில் உண்பதில்லை. மேலதிகாரியாய் நடப்பதன்றி நண்பராய்ப் பழகுவதில்லை. உதவியினும் தியாகத்தினும் மேலாக இந்தியர் வேண்டுவது நட்பே என்பது அவர் உரையின் சாரம். கேட்டோர் பலர் முகஞ்சுளித்தனர், சிலர் வெகுண்டனர். ஆயினும் அம்மாநாட்டிற் பேசப்பட்டவற்றுள் நூறாண்டு கடந்தும் நினைவுகூரப்படும் உரைகளுள் அஃதே முன்னிற்பதாயிற்று. ஷெர்வுட் எடியின் நட்பை முன்னர்க் குறித்தோமன்றோ? உண்மை நட்பு இன்னதென்று அனுபவித்தறிந்தவராதலின், அஃது இல்லாமையின் குறையை அவரால் அச்சமின்றிக் கூற இயன்றது.

சென்னை அத்தியட்சராயிருந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்பார் இவரது தகுதியை உணர்ந்து, இவரை அத்தியட்சராக்க முயன்றார். அத்தியட்சரை இக்காலத்தார் பேராயர் என்பர். இம்முயற்சிக்கு எதிர்ப்புப் பலமாய் எழுந்தது. ஐரோப்பியர் ஓர் இந்தியரின் ஆட்சிக்குக் கீழ்ப்படிவரோ என்று ஐயுற்றார் சிலர். எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வரவில்லை, இந்தியரிடமிருந்தும் வந்தது என்பதை வருத்தத்தோடு குறிக்கின்றோம். இவை யாவும் அடங்கியபின், 1912ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29ஆம் நாள், கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கல் அத்தியட்சராய் அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் இப்பதவி பெற்ற முதல் இந்தியர் இவரே.

பதவி உயர்ந்தபின் நிழலுக்குத் திரும்புவார் பலர். இவர் அவ்வாறு செய்தாரல்லர். மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும், சில வேளை கால்நடையாகவும் சிற்றூர்தோறும் சென்றார். அவ்வூர்களில் இவரை நாடி வந்தோர் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் இரு வகுப்பார். இவ்விரு வகுப்பாரும் ஊராரால் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர், நிலமற்ற கூலியாட்கள், எழுத்தறியாதவர். அவ்விரு வகுப்பாரும் தம்முள்ளேயே ஒருவரோடொருவர் உண்ணல் கலத்தல் இன்றி வேறுபட்டு நின்றனர் என்பது இன்னும் வருந்தத்தக்கது. மிதிக்கப்பட்டவன் தனக்குக் கீழே மிதிக்க ஒருவனைத் தேடுதல் நம் நாட்டின் பழைய நோய். அசரியா இந்நோயை நன்கறிந்தவர். நோயின் ஒரு படியில் தம் முன்னோர் நின்றதை மறந்தாரல்லர். ஆதலின், தம் திருச்சபையில் இருவகுப்பாரும் ஒரே இடத்தில் அமர்தல் வேண்டும், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுதல் வேண்டும் என்பதில் உறுதியாய் நின்றார். தாமும் அவர்தம் குடிசைகளில் அமர்ந்து, அவர் இட்டதை உண்டார்.

கல்வியின்றிச் சமய அறிவு நில்லாது என்பதை உணர்ந்து, ஊர்தோறும் பள்ளி நிறுவவும், ஆசிரியரைப் பயிற்றவும் முனைந்தார். குருமாராகப் பயில்வோர் தம் மனைவியரோடு வந்து தங்கி, சிற்றூர் மக்கள் வாழும் எளிய முறையிலேயே வாழவேண்டும் என்று வகுத்தார். பட்டணத்து வாழ்வைப் பழகியவர் பட்டிக்குத் திரும்பார் என்பது அவர் கருத்து. மனைவியர்க்கும் கல்வி புகட்டப்பட்டது. அப்பணியில் அன்பு மாரியம்மாள் பெரும்பங்கு கொண்டார். ஏழையாயினும் கொடுக்கப் பழகுதல் வேண்டும் என்று இவர் இடைவிடாது போதித்தார். காசில்லாதார் நெல்லும் தானியமும் கோழியும் முட்டையும் காணிக்கையாகக் கொணர்ந்தனர். பெறுவோனாகவே இருப்பவன் தாழ்வு நீங்கான், கொடுக்கத் தொடங்கியவன் நிமிர்ந்து நிற்பான் என்பது திருநெல்வேலியில் அவர் கண்ட பாடம்.

1920இல் இவரது ஆளுகை கிருஷ்ணை, குண்டூர் முதலிய பகுதிகளையும் உட்கொண்டு விரிந்தது. ஐரோப்பிய குருமாரும் இந்தியத் தலைமையின்கீழ்ப் பணிபுரியலாயினர். எவர் கீழ்ப்படியார் என்று ஐயுற்றனரோ அவரே மதித்துப் பணிந்தனர். அவ்வாண்டிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் இவர்க்குச் சிறப்பு முனைவர் பட்டம் அளித்தது. பட்டமின்றிக் கல்லூரியினின்று வெளிவந்த இளைஞரைப் பட்டமே தேடி வந்தது. இவர் இறுதிக் காலத்தில் இத்திருச்சபை மாவட்டத்தில் இருந்த கிறிஸ்தவர் தொகை 2 லட்சத்திற்கு மேற்பட்டது. இந்தியக் குருமார் நூற்றுக்கு மேற்பட்டனர்.

தோர்ணக்கல்லில் இவர் எடுப்பித்த பேராலயம் காணத்தக்கது. பொருள் முட்டுப்பாட்டால் பல்லாண்டு தடைப்பட்டு, 1939இல் அர்ப்பணிக்கப்பட்ட அவ்வாலயத்தில் பள்ளிவாயில் போன்ற கவிமாடமும் தூபிகளும், இந்துக் கோயிலை ஒத்த தூண்களும் விரவி நிற்கின்றன. ஐரோப்பிய ஆலய வடிவைப் பார்த்து எழுதினாற்போல் கட்டுதல் எளிது. இவர் கட்டிடத்திலும் பழகிய வழியை விட்டு, அந்நிலத்து மக்கள் தமதெனக் கொள்ளும் வழியைத் தேர்ந்தார்.

பல பிரிவாய்ப் பிளவுண்ட திருச்சபைகளை ஒன்றாக்கும் முயற்சியிலும் இவர் முன்னின்றார். 1919இல் தரங்கம்பாடியிற் கூடிய கூட்டம் அதற்கு வித்திட்டது. கால் நூற்றாண்டு அதற்காக உழைத்தும் அதன் விளைவைக் காண இவர் உயிரோடிருந்தாரல்லர். 1945ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே உயிர் நீத்தார். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உதயமாயிற்று.

காந்தியடிகளோடு மதமாற்றம் பற்றி இவர்க்குக் கருத்து வேறுபாடு இருந்தது. மனிதன் தன் மனச்சாட்சியின்படி சமயந் தேர உரிமையுடையன் என்பதில் இவர் விட்டுக்கொடுத்தாரல்லர். எனினும் தேசப்பற்றில் எவர்க்கும் பின்வாங்கியவரல்லர். 1932இல் வகுப்புவாரித் தீர்ப்பின் வழியே கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி அளிக்கப்பட்டபோது, இவர் அதனை மறுத்துரைத்தார். திருச்சபை தன் பங்கைக் கேட்டுப் பெறும் ஒரு வகுப்பாகிவிடின், எல்லார்க்கும் தொண்டு செய்யும் இயல்பை இழந்துவிடும் என அஞ்சினார். தம் கூட்டத்திற்கு வரும் ஆதாயத்தை வேண்டா என்று சொல்லுதல் ஊரை விட்டு நீங்குவதினும் அரிது.

இனி, முன்னர்க் கூறியவாறு நம் உரிமையை ஆராய்வோம். நாம் ஒரு குலச்சங்கத்தார். நம் பிள்ளைகட்குக் கல்வியும், நம் ஏழைகட்கு உதவியும், நம் மணமக்கட்கு நல்வாழ்வும் தேடுதல் நம் சங்கத்தின் நோக்கம். அது நல்ல நோக்கமே. நம் முன்னோர் கைகோத்து நின்றிராவிடின் இன்று நாம் இந்நிலையில் இரோம். ஆயினும் அசரியாவை நம்மவர் என்று சொல்லும்போது, அவர் நம்மிடமிருந்து புறப்பட்டுப் போனவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் முறை. அவர் நம் குலத்தைப் பெருமைப்படுத்தியது, நம்மோடு தங்கியதனால் அன்று. நம்மினும் தாழ்த்தப்பட்டவரிடம் சென்று, அவரோடு அமர்ந்து உண்டதனால். அவர் படத்தை மட்டும் சுவரில் மாட்டி, அவர் நடந்த வழியிற் காலெடுத்து வையாதிருப்போமாயின், அவரை நம்மவர் எனக் கொண்டாடும் உரிமை நமக்குச் சிறிதேயாம்.

எல்லாரும் தோர்ணக்கல் செல்லுதல் இயலாது, வேண்டுவதுமில்லை. நம் தெருவுக்கு அடுத்த தெருவே பலர்க்குத் தோர்ணக்கல்லினும் தொலைவாய் உள்ளது. ஆகலின் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் சங்கத்து மாணவர் விடுதியில் ஆண்டுதோறும் சில இடங்களேனும் நமக்குப் புறம்பான எளிய வகுப்புப் பிள்ளைகட்கு அளிக்கப்பட வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொணர எண்ணியுள்ளோம். அப்பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உண்ணல் வேண்டும். மறுப்போர் இருப்பர், அவர் சொல்லையும் பொறுமையோடு கேட்போம். தாய்மார்களும் அக்கூட்டத்திற்குத் தவறாது வருக. இளைஞருள் ஆசிரியப் பணி ஏற்போர், தொலைவிலுள்ள பள்ளிக்கு ஆணை வரின், எம்மைப் போலாது, மகிழ்ந்து செல்வாராக.